வெள்ளிக்கிழமை லைன்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி விற்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கம்பெனியின் கிளை ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பகுதியில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தது. வீட்டுக்காரர்தான் கிளைப் பொறுப்பாளர். எல்லாருக்கும் அண்ணாச்சி. அங்கிருந்த கம்ப்யூட்டரை அவருடைய மகள் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

கிளைக்கு எந்தத் துணி எவ்வளவு இருப்பு என்று தெரிய வேண்டும். அவள் அங்கிருந்து போன் லைனில் மாட்டிய மோடம் வழியாக எங்கள் கம்ப்யூட்டரைக் கூப்பிடுவாள். செத்த நேரம் கீச்சிட்டு இரைந்தபின் அவளுடைய கேள்வி வந்து சேரும். நான் எழுதி வைத்திருந்த புரோகிராம் தானாகவே பதில் அனுப்பும். பிற்பாடு வெப் சர்வீஸ் என்று எல்லாரும் பேசிய வேலையைத்தான் அந்தப் பழைய மோடத்தை வைத்துச் செய்துகொண்டிருந்தோம். ஆனால் பதில் நகராது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழும். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் பாதிகூட வந்திருக்காது.

ஒருநாள் அவள் போன் செய்தாள். வேலை விஷயம் எல்லாம் பேசி முடித்தபின்பும் போனை வைக்கவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பு விவரம் கொஞ்சம் சுருக்கா வருமா?"

"ஏன், வெள்ளிக்கிழமை என்ன?"

"ஒன்னுமில்லக்கா. சும்மாதான் கேட்டேன்."

நான் விடவில்லை. மறுபடி கேட்டதும் சொன்னாள். அவள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். "அங்கன வெள்ளிக்கிழமைதான் லீவு. அவிய பூத்துல வரிசையில நின்னு போன் போடுதாவ. இங்க லைன் எங்கேஜாவே இருக்காம். ரெண்டு மூணு தடவை பாத்துட்டு, பின்னால நிக்கவங்க சத்தம் போடவும் போயிருதாவளாம். போன வாரம் லெட்டர்ல எழுதியிருந்தாவ."

அவர்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மோடத்துக்கும் ஒரே போன். சனிக்கிழமை காலையில் லாரியில் சரக்கு ஏற்ற வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை மதியம்தான் முழு இருப்புப் பட்டியலும் போகும். நேரத்தை மாற்றலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். தறியிலிருந்து துணிக்கட்டு வந்து சேர்ந்து, எண்ணி முடிக்கவே மதியம் ஆகிவிடுகிறது, அதற்கு முன்னால் எதை அனுப்புவாய் என்றார். அதுவும் நியாயம்தான்.

நான் அனுப்பும் பதிலை அச்செடுத்துப் பார்த்தேன். துணியின் பெயர், அகலம், நீளம், இருப்பு என்ற தலைப்புகள் ஒவ்வொரு துணிக்கும் முழுசாகத் திரும்பத் திரும்ப வந்தன. யார் பார்த்தாலும் புரியட்டும் என்று நான்தான் அப்படி அமைத்திருந்தேன். பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தத் தலைப்புகளே. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லாமல், "முன்னே சொன்னதுதான்" என்று ஒரு குறி மட்டும் போட்டு அனுப்பினால் போதும். அந்தப் பக்கம் இன்னொரு புரோகிராம் அந்தக் குறிகளைப் பிரித்துப் பழையபடி முழுசாக ஆக்கிவிடும். வீட்டில் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சில சாயங்காலங்கள் கூடுதலாக உட்கார்ந்து எழுதினேன். சின்னப் பதில்களைச் சுருக்கினால் அவை முன்னைவிடப் பெரிதாகிவிடுவதைப் பார்த்து, அவற்றை மட்டும் அப்படியே விட்டேன்.

புரோகிராமை பிளாப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றுதான் அவளை முதல்முறை நேரில் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, எங்கள் ஆபீசைக் கூப்பிடச் சொன்னேன். மோடம் இரைந்தது, நின்றது. திரையில் பட்டியல் முழுதும் இருந்தது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

நம்பாமல் கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே போய் அம்மாவைக் கூட்டிவந்து இன்னொரு தடவை வரவழைத்துக் காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. மழை பெய்தால் எங்கள் பக்கத்து லைன்களில் இரைச்சல் ஏறும். முன்பெல்லாம் அதனால் எழுத்து ஒன்றிரண்டு கெட்டுப்போகும். அவள் ஊகித்துப் படித்துக்கொள்வாள். இப்போதோ ஒரு எழுத்து கெட்டாலும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பிரியவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். முன்னைவிட அதிக நேரம் லைன் அடைபட்டுக் கிடந்தது. மஸ்கட்டிலிருந்து போன் வரவில்லை.

மறுநாள் பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"மழைக்கு இது தாங்காது போலக்கா. பழசையே வச்சுக்கிடுவமா?"

"ஒரு வாரம் பொறு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பதிலைச் சின்னச் சின்னத் துண்டாக்கினேன். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பிரியும். அது சரியாக வந்ததா என்று பார்க்க அதிலேயே ஒரு கணக்கும் இருக்கும். கெட்டது எந்தத் துண்டோ அதை மட்டும் கிளைக் கம்ப்யூட்டர் திரும்பக் கேட்கும். பதில் கொஞ்சம் பெரிதானது. பரவாயில்லை என்று விட்டேன். மறுபடி ஒரு மழை நாளில் அது தாக்குப்பிடித்தது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, துணியின் அகலம் பற்றி ஏதோ கேட்க அவளுக்குப் போன் செய்தேன். எங்கேஜ். செத்த நேரம் கழித்துப் பார்த்தேன். அப்போதும் எங்கேஜ். எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. கேட்க வேண்டியதைச் சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று காபி குடிக்கப் போய்விட்டேன்.

மறு வருஷம் அவள் மஸ்கட்டுக்குப் போனாள். கிளைக்கு வேறு ஆள் போடும்வரை அண்ணாச்சியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். சுருக்கி அனுப்பி விரித்துக் காட்டும் எதையும் அவர் நம்பவில்லை. முதல் வெள்ளிக்கிழமை பட்டியல் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"எல்லாம் சரியாத்தான் வந்திருக்கும்மா. இருந்தாலும் ஒருக்க வாசிச்சிருதேன், நீ சரிபாத்துக்கோ."

நான் அச்செடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் நிதானமாக, தலைப்பு ஒன்றைக்கூட விடாமல் வாசிக்கத் தொடங்கினார்.