அம்மாவை எழுந்து நடக்க வைத்த மும்தாஜ் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நம் தையல் கூடத்துக்கு போன் வந்தது. மும்தாஜ் அக்கா நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மீதியிருந்த மூன்றையும் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இன்னும் அழவில்லை. அக்காவுக்கான இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நிற்காத உதிரப்போக்கு. வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் நர்ஸ். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவோடு இங்கே தைத்துக்கொண்டிருந்த அக்கா உடன் வந்திருந்தார். அவர்தான் கேட்டார்: எப்போது மாடிப்படி ஏறலாம், எப்போது குடம் தூக்கலாம், இருமினால் வயிற்றை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் முன்பே அதே ஆபரேஷன் ஆகியிருந்தது. பதில் தெரிந்தே எனக்காகக் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு மதியம் அம்மாவுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்த்துக் கொட்டியது. பயந்துபோனாள்.

"ஒண்ணும் ஆகல வசந்தா. உள்ள அடுப்பு எரியுது. எனக்கு ரெண்டு வருஷம் எரிஞ்சுது, ஒரு டீ கூட போட முடியல" என்றார் அக்கா. மறுநாள் டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிஞ்சா என்னா, நாம தையக்காரிங்கதானே."

மூன்றாம் மாதம், எல்லா வேலையும் மெல்ல மெல்லச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. மாடிக்குத் தண்ணீர், சமையல், துணி எல்லாம் நானே செய்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். பேச்சும் குறைந்தது. எனக்கு அப்படி இருந்த வீடு பிடித்திருந்தது. வகுப்பில் போல அங்கே யாரும் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

எட்டாம் மாதம் ஒருநாள் அம்மா எடுத்த சின்னக் குடத்தை நான் பிடுங்குவதை அக்கா பார்த்துவிட்டார்.

"உங்கம்மா நல்லாயி நாளாச்சுடி. நீ ஸ்கூலுக்குப் போவாம இருக்கறதுக்கு அவள உக்கார வெச்சிருக்கற."

நான் குடத்தோடு மாடிக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குச் சாயங்காலம் வந்து அம்மாவை நடக்கக் கூட்டிப்போனார். முதலில் தெருமுனை வரை. பிறகு கடற்கரை வரை. இரண்டு மாதத்தில் அம்மா திரும்பவும் மிஷினில் உட்கார்ந்தாள். பின்னாலேயே நானும் இங்கே வேலைக்கு வந்தேன். பள்ளிக்குப் போகவில்லை. அதைப் பற்றி அக்கா அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா போனபின், வழக்கப்படி மூன்று நாள் அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை; நாம்தான் முறைவைத்துச் சாப்பாடு கொடுத்தோம். இரண்டாம் நாள் சாப்பாடு எங்கள் முறை. சாம்பார் சாதத்தை அம்மாவே கிளறினாள். டேக்சா பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். என் கை தானாக முன்னே போனது. மடக்கிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அப்படி விட்டுவிடத் தெரிந்தது ஒன்றுதான். கதவைப் பூட்டிவிட்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன்.