பரிசோதித்தவர்: லாயிட்

பிரேசர் டவுன் லாயிட்டுக்குக் கேஷில் வேலை என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பாவம், அவர் நினைத்தது பணப்பெட்டியை. மாப்பிள்ளை பார்த்ததோ கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் மூலப் புரோகிராமான கர்னலின் கேஷை. ஒருமுறை வாசித்த ஃபைலைக் கர்னல் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் டிஸ்க் வரை ஓடாமல் அங்கிருந்தே எடுத்து நீட்டும். மெமரி நிரம்பினால் எதையாவது வெளியே தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது என்பதுதான் லாயிட்டின் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவள் தர்ஷினி. வேலூர்க்காரி, டீமுக்குப் புதியவள். பேக்கப் ஓடும்போது ஒரே ஒருமுறை வாசிக்கும் ஃபைல்கள் வந்து குவிந்து, நாள் முழுக்க வேண்டிய ஃபைல்களை மெமரியிலிருந்து துரத்திவிடும். லாயிட் முட்டி மோதிக் கைவிட்ட தொல்லை அது. அவள் ஒரு சின்ன பேட்சில், கர்னலில் சில வரித் திருத்தத்தில், தீர்த்துவிட்டாளாம். டெமோ நன்றாக நடந்தால் லீட் பதவி அவளுக்குத்தான் என்று கேன்டீன் வரை பேச்சு.

லாயிட்டுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. "எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடும்மா" என்று மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் அவளிடம் கேட்ட அன்று மதியச் சோறுகூட இறங்கவில்லை.

டெமோ அன்று காலை எல்லோருக்கும் முன்னே வந்து, டெமோ மெஷின் முன் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினான். அவளுடைய டெஸ்டை ஓட்டினான். மறுபடி ஓட்டினான். பாதியில் நிறுத்தி ஓட்டினான். ஒரு ஓட்டைகூட அகப்படவில்லை.

டெமோவில் பேக்கப் முடிந்ததும் ஃபைல்கள் திறந்த வேகத்தைப் பார்த்து அறையே கைதட்டியது. தர்ஷினி மட்டும் தட்டவில்லை.

"சார், இவ்ளோ ஸ்பீடு வராதே. ஃபைலெல்லாம் ஏற்கனவே கேஷ்ல இருக்கு. காலைல யாராச்சும் இந்த மெஷின தொட்டீங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் லாயிட் உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பத் திரும்ப வாசித்ததில்தான் அவை மெமரியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் பொறாமைதான் அவளுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தது! வாயை மூடியிருந்தால் பதவி அவளுக்கு. சொன்னால் மானம் போகும். ஆனால் அவள் நம்பரும் இறங்குமே. எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டான்.

"நான்தான் ஓட்டிப் பாத்தேன். இந்த நம்பர் செல்லாது."

அவள் மெமரியைக் காலி செய்ய மெஷினை ரீபூட் செய்து மறுபடி ஓட்டினாள். வேகம் குறைந்தது. அப்படியும் பழைய கர்னலுக்கு ஆகும் நேரத்தில் பாதிதான் ஆனது. தன் நம்பரைத் தானே சந்தேகப்பட்டவளுக்கு மேனேஜர் அங்கேயே கைகொடுத்தார்.

மாலையில் அவள் லாயிட்டின் மேசைக்கு வந்தாள். "அவ்ளோ தடவ ஓட்டினீங்களே, எதாச்சும் தப்பு கெடச்சுதா?"

"இல்ல."

"அப்ப உங்க பேர போட்டுடறேன். இவ்ளோ சிரத்தையா யாரு டெஸ்ட் பண்ணுவா?"

பேட்சின் அடியில் சோதித்தவர் பெயரைப் போடுவது அங்கே வழக்கம். மறுநாள் அந்தப் பேட்சோடு உலகமெல்லாம் உள்ள கர்னல்காரர்களுக்குப் போன மெயிலில் மேலே அவள் பெயர். கீழே, பரிசோதித்தவர்: லாயிட்.

மனைவி பியாட்ரிஸ் அதைப் படித்துப் பூரித்துப்போய் அப்பாவுக்குப் போன் போட்டு, இவன் கையில் கொடுத்தாள்.

"கேஷ் எல்லாம் சரியா இருந்துச்சா மாப்ள?" என்றார் மாமனார்.

லாயிட் மெயிலில் தன் பெயரை இன்னொருமுறை பார்த்தான்.

"சரியா இருந்துச்சு மாமா."