தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுபோன எண்

மட்டாஞ்சேரி பம்ப் ஹவுஸில் நான் வால்வைத் திறந்துகொண்டிருந்தபோது செல்வி மதினியின் போன் வந்தது. "தம்பி, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்கார். சாயா ஆறிக் கெடக்கு." ஓடிப் போனேன். மாணிக்கண்ணன் நாற்காலியிலேயே போயிருந்தார். எதிரே அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பம்ப் ஹவுஸில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தெரியும். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஓர் எண், வேறெதாலும் வகுபடாத பகா எண்தானா என்று மாதக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தார். உலகம் முழுக்க இப்படித் தேடுகிறார்களாம், ஆளுக்கு ஓர் எண். "கிட்டியோ மாணிக்கண்ணா?" என்று வைப்பின் தீவுக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

ஒருநாள் படகுக்குக் காத்திருக்கையில் எனக்கு விளக்கினார். ரெண்டை ரெண்டால் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண் அது. சோதனை நாலில் தொடங்கும். அதன் வர்க்கத்தில் ரெண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி அதே வேலை, கோடிக்கணக்கான தடவை. "கடைசி மீதி பூஜ்யம்னா பகா எண். இல்லேன்னா இல்ல. நடுவுல சமாதானமே கிடையாதுடா" என்றார். பகா எண் இல்லை என்று தெரிந்தாலும், எது அதை வகுக்கும் என்று தெரியாதாம். "ஒடயும்னு அடிச்சுச் சொல்லலாம். எங்க ஒடயும்னு மட்டும் கேக்கப்படாது."

டிஸ்க் பழசு, பட்டென்று அணைத்தால் போய்விடும், முதலில் சோதனையை நிறுத்த வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மகள் கவிதா ஷார்ஜாவிலிருந்து வரவேண்டும் என்பதால் ஃப்ரீசர் பெட்டி வந்தது. முன்னறையில் உருப்படியான பிளக் பாயிண்ட் ஒன்றுதான். "பிளக் எவிடயா சேட்டா?" என்று பெட்டிக்காரர் அவசரப்படுத்தினார். நான் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தேன். திரையில் தொண்ணூற்றேழு சதவீதம் என்று இருந்தது. பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினேன்.

டிஸ்க் பிறகு எழும்பவே இல்லை. கலூரில் ரிப்பேர்காரரிடம் நான்கு முறை போனேன். "இது போயி சேட்டா, விட்டேக்கு" என்றுவிட்டார். அந்த எண் இனி வேறு யார் கைக்காவது போகும். அவர் மறுபடி நாலிலிருந்து தொடங்குவார். பகா எண்ணாகவே இருந்தாலும் மாணிக்கண்ணன் பெயர் அதன் பக்கத்தில் வராது. "விடை எப்பவோ முடிவாயாச்சு, நமக்குத்தான் தெரியல" என்பார். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது கவிதா கேட்டாள்: "சித்தப்பா, அப்பாவோட எண் என்னாச்சு?"

"கரண்டு போயிட்டு மோளே" என்றேன்.

எத்தனை ரெண்டைப் பெருக்க வேண்டும் என்று எழுதி அவர் மானிட்டரில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். கவிதாவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், தமிழ் வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களில் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்று கரண்டு போகவில்லை.