எதிர்வீட்டு ஆண்டெனாவின் முதுகு

ஆனையூரில் எங்கள் தெரு மாடிகளில் டிடிஎச் தட்டுகள் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நம்மைச் சீண்டாதவை, போகட்டும். எதிர்வீட்டுத் தையல்கடைக்காரர் தன் மாடியில் ஓர் ஆண்டெனா நட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நீளக் குழாய், அதில் மீன்முள் மாதிரி குறுக்குக் கம்பிகள். ஒரு முனையில் சின்னக் கம்பி, மறுமுனையில் ஆகப் பெரியது. அந்தப் பெரிய கம்பி எங்கள் மாடியறை ஜன்னலைக் குறிபார்த்து நின்றது.

வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் படுத்திருந்தது அந்த அறையில். பிள்ளைத்தாச்சி பக்கம் இதைத் திருப்பி வைக்க எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்! கதிர்வீச்சு பற்றி வாட்ஸப்பில் வந்த அத்தனையையும் படித்தவனாயிற்றே நான். அவள் கட்டிலைத் தூக்கிக் காற்றே வராத பின்னறையில் போட்டேன்.

"ஏப்பா, என்னைய வேக வைக்கவா கூட்டியாந்தீக? நாளைக்கே சமயநல்லூருக்கு, என் மாமியா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் திரும்பிப் போனால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது? நேராக எதிர்வீட்டு மாடிக்கு ஏறினேன்.

"இது எந்த டவரு தம்பி?"

"டவரா? கொடைக்கானல் எஃப்எம் கேக்கண்ணே. தைக்கையில பாட்டு வேணும்ல."

"பாட்டோ கூத்தோ, அப்படியே அங்கிட்டுத் திருப்பு!"

திருப்பினார். கீழே கடை ரேடியோவில் பாட்டு போய் இரைச்சல் வந்தது. நான் மீசையைத் தடவினேன்.

"அண்ணே, பெரிய கம்பி முதுகு. சின்னக் கம்பிப் பக்கந்தேன் வாய். இம்புட்டு நாளா ஒங்களுக்கு முதுகத்தேன் காட்டிக்கிட்டுருந்துச்சு. இப்பத்தேன் வாயி ஒங்க வீட்டப் பாக்குது."

மீசையிலிருந்து கையை எடுத்தேன். "திருப்புய்யா, திருப்பு!"

"அட, இது பாட்ட வாங்குமே ஒழிய எதையும் வெளிய விடாதுண்ணே. எங்கிட்டுப் பாத்தா என்ன?"

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இருந்தாலும் வாய் வாய்தானே! நானே திருப்புகிறேன் என்று கைப்பிடிச் சுவரில் ஏறிக் குழாயைப் பிடித்தேன். ஆண்டெனாவோடு சேர்ந்து நானும் ஆடினேன்.

"அப்பா, எறங்குங்க! நீங்க விழுந்தா ஆஸ்பத்திரியில ஒங்களப் பாப்பாகளா, என்னையப் பாப்பாகளா? நான் எங்கயும் போகல!"

எதிர் ஜன்னலில் மகள். தாயும் மகளுமாகக் கட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டிருந்தார்கள்.

இறங்கினேன். தையல்கடைக்காரர் குழாயைப் பழையபடி திருப்ப, பாட்டு கணீரென்று வந்தது. யாருக்காக இந்தப் பாடு பட்டேனோ, அவள் ஜன்னலை விரியத் திறந்து அவரைக் கூப்பிட்டாள்:

"சித்தப்பா, இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க!"