உள்ளிருந்து திறக்காத பை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது ஞாபகமும் தப்புகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில், கிரிவலப் பாதை ஓரம் படுத்துக் கிடப்பவர்களுக்காகத் தூங்கும் பை தைத்தோம். வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுப் பெண்கள். விடுதிக்காரர்கள் கொடுத்த பழைய திரைச்சீலை வெளியே, மழைக்கோட்டுத் துணி அடியில், பழம்புடவை உள்ளே. பனிக்கும் கொசுவுக்கும் தலைவரை மூடிக்கொள்ளலாம். முகத்துக்கு நேரே வலை. ஜிப் மட்டும் பழைய பெட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்கு ஒரு பக்கம்தான் பிடி.

பைகளைக் கொடுத்த மறுநாள், எங்களை நடத்தும் நர்ஸம்மா புதிதாக வந்த பெண்ணிடம், "பிடி உள்பக்கம் வரணும் கண்ணு. வெளியில வச்சுட்டா உள்ள இருக்கறவங்க எப்படித் தொறப்பாங்க?" என்றார்.

என் கை நின்றது. நான் தைத்த மஞ்சள் பூப்போட்ட பையின் ஜிப்பை, உள்ளே படுத்துப் பார்க்காமல், நின்றபடியே இழுத்துப் பார்த்து மடித்துக் கொடுத்திருந்தேன். பிடி வெளியில்தான் இருந்தது.

அங்கே நான் வாய் திறந்து பேசியதே குறைவு. பக்கத்தில் படுப்பவர் இரக்கப்பட்டு மேலே வரை இழுத்துவிட்டால்? நாய் வந்தால்? வண்டி ஓரம் ஏறினால்? வெயில் சாயத் தொடங்கியது.

"நான் ஒண்ணு தப்பாத் தைச்சுட்டேங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் ஊசி, நூல், பிளேடு, நாடா எடுத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலை தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில் மஞ்சள் பூ தெரிந்தது. என் வயதுக்காரி ஒருத்தி பையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"குடும்மா, சரிபண்ணித் தரேன்."

"நேத்து குடுத்துட்டு இன்னிக்குப் புடுங்க வந்துட்டியா? போட்டோ புடிச்சாச்சு இல்ல, அதான்!"

"வேற பை தரோம்மா" என்றார் நர்ஸம்மா.

"வேற தரேன்னு எடுத்துனு போனவங்க யாரு திரும்பி வந்தாங்க?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பைக்குள் நானே படுத்தேன். "மேல வரைக்கும் இழுத்து மூடு" என்றேன். மூடினாள். உள்ளே தடவினேன், விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இன்னாமே, குளிருதா?" என்றாள். வெளியே சிரிப்பு.

"தொற."

"நீயே தொறந்துனு வாயேன்."

"முடியலடி, தொற!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. வலை வழியாக அவள் முகம் மாறுவது தெரிந்தது. சரக்கென்று இழுத்தாள்.

"நேத்து இடுப்போட நிறுத்திட்டேன். இன்னிக்கு முழுசா மூடிக்கலாம்னு இருந்தேன்" என்றாள் மெதுவாக.

அங்கேயே உட்கார்ந்து மேல்பாதி ஜிப்பைப் பிரித்து, முடிச்சு உள்பக்கம் விழும்படி நாடா தைத்தேன். அவள் உள்ளே போய்த் தானே கட்டி, தானே அவிழ்த்தாள். மூன்று தடவை செய்தாள்.

ஆனால் மஞ்சள் துணியில் நான் தைத்தது ஒரு பையா, இரண்டா? நர்ஸம்மா ஒன்று என்கிறார். எனக்கு நிச்சயமில்லை. அன்று மாடியில் கூட இருந்து தைத்தவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அந்தப் பாதையில் மஞ்சள் பூப்போட்ட பையை யாராவது பார்த்தால், பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள்.