செங்கல்வராயன் வீட்டு மூத்தவள்

மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருக்கும் செங்கல்வராயனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவள் அம்சா, சில நிமிஷம் கழித்துப் பிறந்தவள் பிரதீபா.

இரட்டையில் பின்னால் பிறப்பதுதான் மூத்தது, அதுதான் முதலில் கருவானது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மனைவி பக்கவாதத்தில் விழுந்ததும் செங்கல்வராயன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நீதாம்மா மூத்தவ, நீதான் அம்மாவப் பாத்துக்கணும்" என்று பிரதீபாவின் எம்.எஸ்சி. படிப்பை நிறுத்தினார். அம்சா சிறுசேரிக்கு வேலைக்குப் போனாள். பிரதீபா அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டே, வீட்டில் பிசிக்ஸ் டியூஷன் எடுத்தாள். என் மகளும் அங்கேதான் படித்தாள்.

கூடப் படித்த ஹரிகிருஷ்ணனைப் பிரதீபாவுக்குப் பிடித்திருந்தது. அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். மகளை அழைத்துப்போக வந்த நான் வாசலில் நின்றிருந்தேன்.

"பெரியவ அம்சா இருக்கசொல்ல சின்னவளுக்கு எப்படிங்க பண்றது?" என்றார் செங்கல்வராயன். வாய் கூசவில்லை மனுஷனுக்கு.

சார்பியல் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சாக்பீஸோடு பிரதீபா வெளியே வந்தாள்.

"நைனா, ஓடுற ரயில்ல கீற கடியாரம் பிளாட்பாரத்துல நிக்கிறவனுக்கு மெதுவா ஓடும். ரயில்ல போறவனுக்கு பிளாட்பாரமே ஓடும். எல்லாம் பாக்குறவனப் பொறுத்து மாறும். ஆனா ஒரே வயித்துல யாரு முன்ன பொறந்தா, யாரு பின்ன பொறந்தான்றது எந்த ரயில்லருந்து பாத்தாலும் மாறாது. உனக்கு மட்டும் எப்படி மாறுது?"

"பெரியவங்க முன்னாடி இன்னா பேச்சு இது" என்று அவளை உள்ளே விரட்டினார்.

அம்சா கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். ஹரிகிருஷ்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவன்மேலும் எனக்குக் கோபம்தான். போன வைகாசியில் ஒருவழியாக அம்சாவுக்குக் கல்யாணம் முடிந்தது. பந்தல் பிரிப்பதற்குள் செங்கல்வராயன் ஒரு போட்டோவோடு வந்து நின்றார்.

"இனிமே உன் முறைம்மா. வயசாவுதுல்ல."

"அவளுக்கும் எனக்கும் ஒரே வயசுதான் நைனா. வூட்லயே நின்னுகினு இருந்த எனக்குத்தான் வயசாயிடுச்சி" என்றாள் பிரதீபா. செங்கல்பட்டுக் கல்லூரியில் விட்ட படிப்பைத் தொடர இடம் வாங்கியிருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவுக்கு மாற்ற வேண்டிய துணியை அப்பா கையில் வைத்தாள்.

"இந்த வூட்ல உன்னவிட மூத்தவங்க யாரும் இல்ல. நீ பாத்துக்க."