நயாகராவுக்கு ஒத்திகை

நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறோம் என்று பெரியப்பா எங்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்து அறிவித்தபோது, உல்லாசப் பயணம் போகிறவர்களின் களை ஒருவர் முகத்திலும் இல்லை. அம்மா சுவரைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தார். அப்பா எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். ஒரு நீர்வீழ்ச்சிக்காக எதற்குத் திரைச்சீலையை மூடவேண்டும் என்று பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பயம் தொற்றிக்கொள்ள விளக்கம் தேவையில்லை. அன்றைக்கே தொற்றிக்கொண்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரித்தானியாவில் மிச்சம் என்ற ஊரில் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் எழுபதுகளிலேயே வந்து பிரித்தானியப் பிரஜைகள் ஆகியிருந்தார்கள். அம்மாவின் தங்கையான சித்தி எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து தப்பி வந்தவர். அவரை ஆறு ஆறு மாதமாக இருக்கவிட்ட அதிகாரிகள் அந்த மாரிக் குளிரில் இனி நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ரொறொன்ரோவில் இருந்தார். இடையில் ஒரு சமுத்திரமும், சித்தியிடம் இல்லாத ஒரு பிரித்தானியப் பாஸ்போர்ட்டும் கிடந்தன.

பெரியப்பா அப்பாவின் தமையன். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்காமல் யாரும் எதுவும் செய்வதில்லை. பின்னாளில் நான் அரசாங்கக் கவுண்டர் ஒன்றின் உட்பக்கத்தில் இருந்தே தலை நரைத்தேன். வெளிப்பக்கத்தில் எத்தனையோ பெரியப்பாக்களைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பதாரருக்குப் பின்னால் நின்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்பவர்கள்.

அவருடைய திட்டம் எளிமையானது. அம்மாவும் சித்தியும் ஒரே முகவெட்டு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் சித்தி, தன்னுடைய பாஸ்போர்ட்டில் அப்பா, கூடவே நான். புருஷன், பெண்சாதி, பிள்ளை. பள்ளிக்கூட அரைத்தவணை விடுமுறையில் நயாகரா பார்க்கப் போகும் குடும்பம். பிள்ளையோடு போகிறவர்களை ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்பது பெரியப்பாவின் கணிப்பு. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்று எனது தொழில் அனுபவத்தில் சொல்வேன்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் தேவையில்லை. தாயின் அல்லது தகப்பனின் பாஸ்போர்ட்டில் பெயர் இருந்தால் போதும். என் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருந்தது. ஆகவே அந்த நீலப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் எவரோ அவரே சட்டப்படி என் தாய்.

“இண்டையிலயிருந்து சித்தியை அம்மா எண்டு கூப்பிடவேணும். விளங்குதோ?” என்றார் பெரியப்பா.

“அப்ப அம்மாவை?”

“சித்தி எண்டு கூப்பிடு. ஒரு வீட்டிலை ரெண்டு அம்மா இருந்தால் நாக்கு தடுமாறும்.”

அம்மா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சிறிது நேரத்தில் சுவருக்குள் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது. சித்தி எழும்பி மாடிப்படிக்கு ஓடினார். அது அம்மா சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்த சத்தம். எங்கள் வீட்டில் சுடுதண்ணீரைத் திறந்தால் பழைய குழாய்கள் வீடு முழுக்க உதறும். யாரோ முன்கதவைத் தட்டுவது போலவே இருக்கும். வருடக்கணக்காகப் பழகிய சத்தம். அந்த மாரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் எங்களைத் தூக்கிப் போட்டது.

ஒத்திகை தொடங்கியது. அயன் பண்ணும் மேசையை விரித்து அதற்குப் பின்னால் பெரியப்பா அதிகாரியாக உட்காருவார். சித்தி அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கவேண்டும். பாஸ்போர்ட் படத்தில் அம்மா கண்ணாடியோடு இருந்தார். சித்திக்கோ பார்வையில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் உலகமே கலங்கியது. கதவு நிலையில் முட்டுவார், கதிரையில் இடறுவார், கடைசியில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த பூச்சாடியிடம் பாஸ்போர்ட்டை நீட்டுவார்.

“எத்தினையாம் ஆண்டு கலியாணம் கட்டினனீர்?” என்று பெரியப்பா உறுமினார்.

சித்தி திகைத்துப்போய் அப்பாவின் பக்கம் திரும்பினார். “அத்தான், நாங்கள் எப்ப கட்டினனாங்கள்?”

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பா மேசையில் அடித்தார். “சரி, கொழும்புக்குப் பிளேன் ஏறும்! அந்த ‘அத்தான்’ மட்டும் பரவாயில்லை, பெண்சாதியும் அப்பிடித்தான் கூப்பிடுறது. மற்றதெல்லாம் பிழை. திரும்பவும் வாரும்.”

கொழும்பு என்ற சொல்லோடு சிரிப்பு நின்றுவிட்டது. சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவடியில் இருந்து மறுபடி நடந்து வந்தார்.

பள்ளிக்கூட நூலகத்தில் நயாகராவைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. அதிலிருந்த வரைபடத்தில் ஆற்றின் நடுவே தண்ணீருக்கு மேலேயே ஒரு புள்ளிக்கோடு போனது. அதுதான் இரண்டு நாடுகளின் எல்லை என்று ஆசிரியை சொன்னார். ஓடுகிற தண்ணீரில் யார் கோடு போட்டார்கள், அதில் விழுகிறவர்கள் எந்த நாட்டில் விழுகிறார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு படுப்பேன். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கும் என்று இப்போது தெரியும்.

இரண்டு மூன்று ஞாயிறுகள் கழிந்தபின்தான் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை அம்மா கண்டுபிடித்தார்.

“எல்லாம் சரி அண்ணை. என்ரை பிள்ளை எப்பிடித் திரும்பி வாறது?”

பெரியப்பா தேநீரைக் கையில் பிடித்தபடி நின்றார். சித்தி கனடாவிலேயே நின்றுவிடுவார். திரும்பும்போது அப்பாவிடம் ஒரு பிள்ளை இருக்கும், அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய பாஸ்போர்ட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டுக்கு உரிய தாய் இருக்கமாட்டார். இவ்வளவு பேர் இவ்வளவு நாளாகப் போவதைப் பற்றியே யோசித்திருந்தார்கள். வருவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களின் பயணங்கள் அப்போது அப்படித்தான் இருந்தன. திரும்பி வருவது என்பது பழக்கத்தில் இல்லாத பகுதி.

“அதைப் பிறகு பாப்பம்,” என்றார் பெரியப்பா.

“இப்பவே பாக்கவேணும். இல்லாட்டி ஒருத்தரும் போகத் தேவையில்லை,” என்றார் அம்மா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நடைமுறை தெரிந்தவர்களுக்கு அது சின்ன வேலை. பிள்ளையின் பெயரைத் தாயின் பாஸ்போர்ட்டில் இருந்து தகப்பனின் பாஸ்போர்ட்டுக்கு மாற்றினால் போதும். அப்பா வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் அம்மா தன்னுடைய பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். என் பெயர் அங்கேதான் இருந்தது. அதற்கு மேல் ஒரு கோடு கிழித்து, முத்திரை குத்தியிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு உண்மையான பயம் பிடித்தது. சித்தி இப்போது அம்மா. அம்மாவின் பாஸ்போர்ட் கனடாவுக்குப் போகப்போகிறது. நான் அம்மாவின் புத்தகத்தில் இல்லை. நாங்கள் இல்லாத நேரத்தில் யாராவது உண்மையாகவே வந்து கதவைத் தட்டி ‘நீர் யார்?’ என்று கேட்டால் அம்மா என்ன சொல்லுவார்? சித்தி என்றுதானே சொல்லவேண்டும்? சொன்னால் சித்திக்கு வைத்திருந்த கொழும்பு அம்மாவுக்கு வந்துவிடும். நாங்கள் நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் நடந்துவிடும் போல இருந்தது.

புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சித்தி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அம்மாவின் பெயரைச் சொன்னார், அம்மாவின் நட்சத்திரத்தைச் சொன்னார். கேட்டிருந்தால் கலியாண ஆண்டையும் சொல்லியிருப்பார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் வராத பதில் அன்றுதான் பிசகில்லாமல் வந்தது. ஐயரும் சங்கல்பத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அம்மா சித்தியின் கையைக் கிள்ளினார். “என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? இப்ப முருகன் என்னையெல்லே கனடாவுக்கு அனுப்பப் போறார்?”

“பரவாயில்லைப் பிள்ளை, அவருக்கு ஆளைத் தெரியும்,” என்றார் பெரியப்பா.

“அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கவேணும், முருகனுக்கு மட்டும் தெரியவேணும், என்னண்ணை?”

இரண்டாவது அர்ச்சனைச் சீட்டு வாங்கினார்கள். சொந்தப் பெயரைச் சொல்லும்போது சித்தி இரண்டு இடத்தில் தடுமாறினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, முதல் அர்ச்சனையைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று முருகனிடம் கேட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் வீடு முழுக்க மிளகாய் வறுத்த வாசம். அம்மா மிளகாயும் மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் வறுத்துத் திரித்து, பொலித்தீன் பைகளில் கட்டி, சித்தியின் சூட்கேசுக்குள் வைத்தார். பெரியப்பா அதைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

“ஒரு கிழமைக்குத் தண்ணி பாக்கப் போற சனம் இவ்வளவு தூளோடை போகுமோ? நயாகராவிலை கறி காய்ச்சப் போறியளோ?”

பைகளை எடுத்து வெளியே வைத்தார். அவர் பஸ் ஏறியதும் அம்மா எல்லாவற்றையும் திரும்ப அடியில் வைத்து, மேலே சித்தியின் சேலைகளை அடுக்கினார். தங்கைக்குக் கலியாணத்துக்கு வேறு எதையும் அவர் கொடுத்துவிட முடியவில்லை.

விமான நிலையத்துக்கு அம்மா வரவில்லை. ஒரே முகத்தோடு இரண்டு பேர் அங்கே நிற்கக்கூடாது. செலோடேப் சுற்றிய பழைய கண்ணாடியோடு வாசலில் நின்றார். நான் “போட்டு வாறன் சித்தி” என்றேன். வழியனுப்ப வந்திருந்த பெரியப்பா என் முதுகில் தட்டி, கெட்டிக்காரி என்றார்.

ரொறொன்ரோவில் அதிகாரி அப்பாவிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். நயாகரா என்றார் அப்பா. பிறகு சித்தியிடம் எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டார். சித்தி அவருக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்தபடி நின்றார். எங்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கிழவனார் சூட்கேசைத் திறந்து, சேலைகளை விலக்கி, சிவப்புப் பை ஒன்றைத் தூக்கினார்.

இது என்ன என்று கேட்டார் அவர்.

அயன் மேசை முன்னால் ஒரு நாளும் கேட்கப்படாத கேள்வி. சித்தி நிமிர்ந்தார். மிளகாயைக் காம்பு நீக்கவேண்டும் என்று தொடங்கினார். மல்லியைத் தனியாக வறுக்கவேண்டும், கருகவிடக்கூடாது, கறிவேப்பிலை ஈரமில்லாமல் இருக்கவேண்டும். ஆங்கிலம் வராத இடங்களில் கையால் வறுத்துக் காட்டினார். கிழவனார் பையை முகர்ந்துவிட்டுத் தும்மினார். மீனுக்கும் இது போடலாமா என்று கேட்டார். மீனுக்குக் கொஞ்சம் கூடப் போடவேண்டும் என்றார் சித்தி. சூட்கேஸ் மூடப்பட்டது. ஒரு குடும்பத்தலைவிதான் இப்படிப் பேசுவாள் என்று அவர் முடிவுசெய்திருக்கவேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவுசெய்திருப்பேன்.

அந்த வாரமே சித்தி அங்கே ஒரு அலுவலகத்துக்குப் போய், சொந்தப் பெயரையும் சொந்தக் கதையையும் சொல்லித் தஞ்சம் கேட்டார். அந்தப் பகுதியில் பொய் எதுவும் இல்லை. அம்மாவின் கண்ணாடியைத் துடைத்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்து அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பாதான் பிடிவாதமாக என்னை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பார்க்கப் போவதாகச் சொல்லியாயிற்று, பார்க்காமல் போனால் அது பொய்யாகிவிடும் என்றார். மனைவியின் பாஸ்போர்ட்டில் மச்சாளைக் கூட்டிவந்த மனிதர்! போன நாளில் உறைபனிப் புகார் மூட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குப் பயமே வரவில்லை. என்னுடைய பயம் மிச்சத்து வீட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா மணியை அடித்தார். கதவு திறக்கவில்லை. மீண்டும் அடித்தார். யார் வந்தாலும் திறக்கவேண்டாம் என்று பெரியப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. கடிதம் போடும் வாயை விரலால் தள்ளித் திறந்து, உள்ளே இருட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“சித்தி! சித்தி, நாங்கள் வந்திட்டம்! கதவைத் திறவுங்கோ சித்தி!”

காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அம்மா நின்றார். கொழும்புக்கு அனுப்பப்படாமல், முழுதாக, தன்னுடைய வீட்டு உடுப்போடு நின்றார். நான் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“ஓம் பிள்ளை, வாங்கோ,” என்றார்.

அப்பா சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இருக்கவும் கூடாது. அதுதானே திட்டம். என் தலையைத் தடவிவிட்டு மாடிக்குப் போனார். குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தமும், தண்ணீர் திறக்கும் சத்தமும் கேட்டன. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“அம்மா ஏன் இப்ப குளிக்கிறா?” என்று கேட்டேன்.

அப்பா சூட்கேசைப் பார்த்தபடி, “தண்ணி சூடாகுமட்டும் திறந்து விட்டிருக்கிறா,” என்றார்.

நான் காது கொடுத்துக் கேட்டேன். சுவருக்குள் குழாய்கள் உதறவில்லை. ஓடுவது பச்சைத் தண்ணீர், அது எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகாது. இவ்வளவு காலம் இந்த வீட்டில் இருந்தும் எது சுடுதண்ணீர்க் குழாய் என்று இந்த அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றினேன்.